குதிரையின் மூக்கைத் தாண்டிப் போனவர்

போன மாதம் எங்கள் வாசகர் கூட்டத்தில் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' நாவலைப் பரிந்துரைத்தேன். விறுவிறுப்பான மர்மக்கதை, தயங்காமல் எடுங்கள் என்றேன். அதற்கு நண்பர் ஒருவர் நாலு பக்கத்துக்கு மறுப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். நான் வாசகர்களை ஏமாற்றிவிட்டேனாம். நாவலுக்குள் ஒரு துப்பறியும் கதையும் ஒரு கலை ஆராய்ச்சியும் இருக்கின்றன, இரண்டையும் கலந்ததில் இரண்டுமே கெட்டன என்பது அவர் கட்சி. நாயும் மரமும் பேசும் பக்கங்களையும் ஓவியர்களின் வாதங்களையும் தள்ளிவிட்டுப் படித்ததாக அவரே எழுதுகிறார். அப்படிப் படித்தும் கொலைகாரன் கடைசிவரை பிடிபடவில்லையாம். ஆகவே பாமுக்குக்குத் துப்பு வைக்கத் தெரியவில்லை.

புளியை எடுத்து வீசிவிட்டு ரசம் புளிக்கவில்லை என்று சமையல்காரனைத் திட்டுகிறார்.

கதை 1591இல், பனி கொட்டும் இஸ்தான்புல்லில் நடக்கிறது. சுல்தான் மூன்றாம் முராதுக்காக ரகசியமாக ஒரு ஓவிய நூல் தயாராகிறது. அதற்கு வேலை செய்தவன் ஒருவனைக் கொன்று கிணற்றில் போட்டுவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் பேசுவது அந்தப் பிணம். சந்தேகம் மூன்று ஓவியர்கள் மேல் விழுகிறது. பட்டறையில் அவர்களுக்கு வண்ணத்துப்பூச்சி, நாரை, ஆலிவ் என்று செல்லப் பெயர்கள். கொலைகாரனும் தனி அத்தியாயங்களில் பேசுகிறான், பெயரை மட்டும் சொல்லாமல்.

இந்த ஓவியர்களின் மரபில், பழைய ஹெராத் குருமார்களைப் போலவே வரைவதுதான் உச்சம். தனக்கென்று ஒரு பாணி இருப்பது பெருமை அல்ல, குறை. கை தவறிய இடத்தில்தான் பாணி தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. எதிர்ப்பக்கம் வெனிஸ்காரர்கள். ஒரு முகத்தை அந்த ஒரு ஆளின் முகமாகவே தீட்டிக் கையெழுத்தும் போடுகிறவர்கள். நண்பர் 'பாடப்புத்தகச் சர்ச்சை' என்று தள்ளிய விவகாரம் இதுதான். பாணி இல்லாத கையைக் கண்டுபிடிக்க முடியாது அல்லவா? கொலைகாரன் நம்பியிருப்பது அதைத்தான். அழகியல் வாதமே அவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடம். கொலை நடந்ததும் அந்தத் தகராறில்தான்.

துப்பு வேண்டுமென்றாரே, அதுவும் இருக்கிறது. பிணத்தோடு கிடைத்த ஒரு தாளில் குதிரைகள். ஒன்றின் மூக்குத் துவாரத்தில் கடுகளவு வித்தியாசம். அந்த மூக்கு எந்தக் கையிலிருந்து வந்தது, அந்தக் கை எந்தப் பழைய சித்திரத்தைப் பார்த்துப் பழகியது என்று தேடி, பட்டறைத் தலைவர் உஸ்மான் சுல்தானின் கருவூலத்துக்குள் போகிறார். தூசி படிந்த ஏடுகளைப் புரட்டிப் புரட்டிக் கிழவர் குதிரைகளின் மூக்கையே பார்க்கிறார். நான் படித்த மர்ம நாவல்களில் இதற்கு இணையான துப்பறியும் காட்சி எனக்கு நினைவில்லை. அங்கே அவர் ஒரு ஊசியைக் கையில் எடுக்கும் இடம் வரும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கங்களைத்தான் நண்பர் 'இழுவை' என்கிறார்.

நாயும் மரமும் பேசுவது? அது பாமுக்கின் விளையாட்டுத்தனம் என்று நினைத்துவிட்டார். பேசுவது காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் கதைசொல்லி. சுவரில் ஒரு படத்தை மாட்டி, அந்தப் படமாகவே பேசுவான். படங்களை வரைந்து கொடுப்பவர்கள் இந்தப் பட்டறை ஓவியர்களேதான். சந்தேகத்துக்குரியவர்களின் கைவேலை அத்தனை பேர் கண்ணெதிரே சுவரில் தொங்குகிறது. நண்பர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

'சுஜாதாவாக இருந்தால் நூறு பக்கத்தில் முடித்திருப்பார்' என்று ஒரு வரி வேறு. கணேஷ்-வசந்தைப் படித்து வளர்ந்தவன்தான் நானும். 'கொலையுதிர் காலம்' முடிந்த பிறகும் பேயா விஞ்ஞானமா என்று எங்கள் தெருவில் நடந்த சண்டை ஓயவில்லை. கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற விதியை நண்பர் எங்கே பிடித்தார்?

ஒரு இடத்தில் அவர் சொல்வது நியாயம். உறவுமுறை குழப்புகிறது. நாயகன் உருகி உருகிக் காதலிக்கும் ஷெகூரே அவன் அம்மாவின் சகோதரி மகள். நம் கணக்கில் தங்கை முறை. எனக்கும் முதலில் நெருடியது. ஆனால் அது இஸ்தான்புல்லின் வழக்கம். அதற்கு நாவலின் மேல் மதிப்பெண் குறைக்க முடியாது.

மன்னிக்க முடியாதது வேறொன்று. தன் மறுப்பின் இரண்டாம் பக்கத்தில் கொலைகாரனின் பெயரைப் போட்டு உடைத்திருக்கிறார். தெரிந்துவிட்டால் படிக்க ஒன்றுமில்லை என்பதற்கு அதுவே சான்றாம். நான் பெயர் தெரிந்தே இரண்டாம் முறை படித்தேன். அவன் கொலைகாரனாகப் பேசும்போதும், தன் செல்லப் பெயரில் சாதுவாகப் பேசும்போதும் சொற்களை எப்படி மாற்றிப் போடுகிறான் என்று பார்ப்பதே வேலையாக இருந்தது. முடிந்தால் என் சொற்களை வைத்து என்னைப் பிடி என்று வாசகருக்கே சவால் விடுகிறவன் அவன். குதிரையின் மூக்கை உஸ்மான் பார்த்த மாதிரி நாம் அவன் வாக்கியங்களைப் பார்க்க வேண்டும். அதற்குப் பக்கங்களைத் தாண்டாமல் படித்திருக்க வேண்டும்.

தமிழில் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பு காலச்சுவடு வெளியீடாகக் கிடைக்கிறது. மொத்தம் 59 அத்தியாயங்கள். சுற்றுக்கு வந்த மறுப்பில் இரண்டாம் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு நாவலை எடுங்கள். நண்பருக்கும் என் பிரதியைத் தரத் தயார். குதிரை பேசும் அத்தியாயத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன், அங்கிருந்தாவது ஆரம்பிக்கட்டும்.