ரோலரை இறுக்கினால் அலை அடங்குமா?

சென்னை வண்ணாரப்பேட்டையில் ஒரு மழைக்காலத்தையேனும் தகரக் கூரையின் கீழ்க் கழித்தவருக்கு, அந்தத் தகரத்தின் நெளிவு அழகுக்காக ஏற்பட்டதன்று என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தட்டையாயிருக்கையில் தன் பாரத்தையே தாங்கமாட்டாமல் துவளும் அரை மில்லிமீட்டர் தகடு, மேடும் பள்ளமுமாக நெளிந்தவுடன் காற்றையும் மழையையும் எதிர்த்து நிற்கும் விறைப்பை அடைகிறது. இலண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியாளராயிருந்த ஹென்றி ராபின்சன் பாமர் இந்த உபாயத்துக்கு 1829-இல் காப்புரிமை பெற்றார். துறைமுகக் கொட்டகைக்காகப் பிறந்த அத்தகடு, நமது துறைமுகத்தை அண்டி வாழும் ஜனங்களின் தலைக்கு மேலும் வந்து சேர்ந்திருக்கிறது.

பழைய கிரமப்படி நெளிவுக்கு நெளிவு 3 அங்குலம். ஆழம் முக்கால் அங்குலம். இந்த ஆழமே அதன் ஜீவன். விறைப்பு ஏறக்குறைய ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்திருப்பதால், ஆழத்தில் ஐந்திலொரு பங்கு குறைந்தால் விறைப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேலேயே போய்விடும். ஆகவே, சந்தைக்கு வரும் தகடுகளில் ஓரம் அலையலையாகவும் நடுப்பள்ளம் ஆழமின்றியும் இருப்பதைக் காணும்போது, அதனைக் கண்ணுக்கு உறுத்தும் அற்ப தோஷமென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

திருவொற்றியூர்ச் சாத்தங்காடு இரும்புச் சந்தை போன்ற இடங்களில் காயிலாக, அதாவது சுருளாக, வாங்கப்படும் தகடு, பட்டறையில் சூடேற்றப்படாமலே, வரிசையாக நிற்கும் ரோலர் ஜோடிகளின் நடுவே சென்று, ஒவ்வொரு ஜோடியும் நிற்கும் ஸ்டாண்டில் சிறிது சிறிதாக மடிந்து உருப்பெறுகிறது. அப்போது நடுப்பகுதி நேர்கோட்டில் செல்ல, மடிந்து எழும்பும் ஓரமோ சாய்வான, சற்றே நீண்ட பாதையில் செல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டாண்டுகளைக் குறைத்து, ஒரே தாவலில் அதிகக் கோணம் மடிக்கப் பார்த்தால், ஓரம் மீள முடியாதபடி நீண்டுவிடுகிறது. நீண்ட உலோகம் மறுபடி நேராக வேண்டிய இடத்தில், அந்த உபரி நீளத்துக்கு இடமின்றி அலையாக எழும்புகிறது. நெளிவுகளை நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கிக் கிரமமாக மடிப்பதற்கும் இத்தகைய காரணமே உண்டு. ஓரத்தை முன்னதாகப் பிடித்துவிட்டால், உள்ளே வந்து சேர வேண்டிய உலோகம் தடைப்பட்டு, நடுப்பள்ளம் இழுபட்டு மெலிந்து ஆழமற்றுப் போகிறது. வலிமை மிகுந்த மெல்லிய எஃகு மடித்த பின்பும் நிமிரப் பார்க்கும் சுபாவமுடையது. அதற்கேற்றபடி சற்று அதிகமாக மடிக்காவிட்டாலும் பள்ளம் குறையும்.

ஆனால் தகடு அலையலையாக வெளிவந்தவுடன் நமது பட்டறைகளில் முதலில் எழும் குரல், “ரோலரை டைட் பண்ணுப்பா” என்பதுதான். இது பெருந்தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். ரோலர்களின் இடைவெளி தகட்டின் கனத்துக்கு இசைந்திருக்க வேண்டும். அதனினும் குறுக்கினால், நசுங்கிய இடத்தில் தகடு மேலும் நீண்டு புதிய அலையைப் பெறும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கிவிட்டாலோ தகடு முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். அதன் பிறகு பழி, ஸ்பேனரைப் பிடித்த பையன் மீது விழுகிறது. அவனுக்கு உத்தரவிட்டவரை யாரும் கேட்பதில்லை.

கோளாறு எங்கிருந்து வருகிறதென அறிய நிதானமான வழி இருக்கிறது. யந்திரத்துக்குள் நுழையுமுன்பே காயிலிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சமதளத்தில் விரித்துப் பார்த்தால், அலை ஆலையிலிருந்தே வந்ததா என்பது தெரிந்துவிடும். அங்கேயே அலை இருக்குமானால் ரோலரைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. அடுத்து, ஒவ்வொரு ஸ்டாண்டிலும் இரு பக்கத்து இடைவெளியையும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடு கொண்டு அளக்க வேண்டும். அதற்கும் பிறகு, தகடு உள்ளே இருக்கும்போதே யந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, எந்த ஸ்டாண்டில் முதல் அலை தலைகாட்டுகிறதென்று வரிசையாகக் கண்ணால் கண்டுகொண்டே வர வேண்டும். இவையனைத்துக்கும் அரை ஷிஃப்ட் போகலாம். அந்த அரை ஷிஃப்டை நஷ்டமென்று எழுதும் முதலாளி, கழிவாகக் குவியும் தகட்டையும், குவியாமல் வீடுகளின் மேலேறிவிடும் தகட்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்நகரைக் கடந்தபோது தகரக் கூரைகள் காகிதம்போல் பறந்தன. பறந்தவையெல்லாம் பள்ளம் குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. திருகாணிகளும் சட்டங்களும் தளர்ந்திருந்தாலும் கூரை போகும். எனினும் ஓரம் அலையலையாயிருக்கும் தகடு அடுத்த தகட்டின்மேல் ஒட்டிப் படியாது. அந்தச் சந்தில்தான் மழை ஒழுகும், காற்றும் கைவைக்கும்.

கூரை வாங்கப் போகும் அன்பர்களே, ஒரு நேரான மரச்சட்டத்தையும் ஓர் அடிக்கோலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சட்டத்தை நெளிவின் குறுக்கே வைத்து, நடுப்பள்ளத்தையும் ஓரப்பள்ளத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒவ்வாவிடில், வண்டியில் ஏற்றுமுன் அத்தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.