கோர்ட்டில் சட்ட மாணவர் வாதாடலாமா? ஏழைக்கு லாபமா, நஷ்டமா?

புதுக்கோட்டை:-

"நம்ம பய சட்டம் படிக்கிறான், கேசை அவனே பாத்துக்குவான்" என்று ஊர்ப்பக்கம் சொல்வது சகஜம். ஆனால் கோர்ட்டில் இந்தப் பேச்சு எடுபடாது.

1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வக்கீல் தொழில் செய்யலாம். மீறினால் 6 மாதம் வரை ஜெயில். மாணவர்களுக்கும் இதேதான். 5 ஆண்டு படிப்பில் 20 வாரம், 3 ஆண்டு படிப்பில் 12 வாரம் பயிற்சி கட்டாயம். அங்கேயும் கட்டு தூக்கலாம், குறிப்பு எடுக்கலாம், வாதாட முடியாது.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் பல மாநிலங்களில், கடைசிக்கட்டப் படிப்பில் இருக்கும் மாணவர் ஏழைகளுக்காக கோர்ட்டில் பேசலாம். ஆனால் கட்சிக்காரர் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். பொறுப்பு ஏற்க ஒரு வக்கீல் இருக்க வேண்டும். கட்சிக்காரரிடம் மாணவர் காசு கேட்கக்கூடாது.

இங்கே கதை வேறு. பதிவுக்கு முன்பு ஓராண்டு சீனியரிடம் பயிற்சி பெற வேண்டும் என்று 1995-ல் இந்திய பார் கவுன்சில் விதி போட்டது. அந்த அதிகாரம் பார் கவுன்சிலுக்கு இல்லை என்று 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்துவிட்டது. ஆக, படித்து முடித்து பதிவு செய்த மறுநாளே ஒருவர் தனியாக வழக்கு நடத்தலாம். முந்தின நாள் வரை வாயே திறக்கக்கூடாது! இதுதான் வேடிக்கை.

வழியே இல்லையா?

இருக்கிறது. அதே சட்டத்தின் 32-வது பிரிவுப்படி, வக்கீல் அல்லாத ஒருவரையும் ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும் பேச கோர்ட்டு அனுமதிக்கலாம். ஆனால் அது நீதிபதியின் விருப்பம், உரிமை அல்ல.

கந்தர்வகோட்டையிலோ மணமேல்குடியிலோ கூலி வேலைக்குப் போகிறவருக்கு முதல் தேவை வாதம் அல்ல. மனு எழுதவும், வந்த நோட்டீசைப் படித்துச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். சட்டக் கல்லூரி இலவச உதவி மையங்களில் இதை மாணவர்கள் இப்போதே செய்யலாம்.

மேற்பார்வையோடு மாணவரைப் பேச விடுவது நல்லதுதான். ஆனால் பக்கத்தில் வக்கீல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பணக்காரருக்கு சீனியர் வக்கீல், ஏழைக்கு கத்துக்குட்டி என்று ஆகிவிடும். தோற்றால் போவது ஏழையின் நிலமும் ஜாமீனும்தானே!

அதுவரை "நான் சட்டம் படிக்கிறேன், கேசை முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். போன் நம்பர் 15100.