ஐந்தாண்டு இடைவெளி மீண்டும் வேண்டாம்

2021 நவம்பர் மழையின்போது சென்னையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார்: “நம்ம வார்டு கவுன்சிலர் யாரு தம்பி?” ‘யாருமில்லை’ என்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே பதில். அன்றைக்குச் சென்னையின் எந்த வார்டுக்குமே கவுன்சிலர் இல்லை.

1688இல் உருவான சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழமையானது. அதன் மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இடஒதுக்கீட்டில் குறைபாடு இருப்பதாகக் கூறி, தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் வார்டு மறுவரையறை, தொடர் வழக்குகள் என ஐந்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. வர்தா புயலையும், 2019 குடிநீர்ப் பஞ்சத்தையும், கரோனா பொதுமுடக்கத்தையும் மாமன்றம் இல்லாமலேயே நகரம் எதிர்கொண்டது. 2022 பிப்ரவரியில்தான் 200 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது.

அந்த ஆண்டுகளில் அதிகாரிகள் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அதிகாரி தமக்கு மேலே உள்ளவருக்குப் பதில் சொல்பவர். இன்று இங்கே இருப்பார், நாளை மாற்றலாகிச் செல்வார். கவுன்சிலரோ வாக்குக் கேட்டு அதே தெருவுக்குத் திரும்பி வந்தாக வேண்டியவர். எந்தத் தெருவின் வடிகால் முதலில் தூர்வாரப்பட வேண்டும் என்ற முடிவில் மக்களின் குரல் ஒலிப்பதற்கு இந்த வேறுபாடே அடிப்படை.

உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டுகள் மட்டுமே. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-யு கூறு. தவறினால் யார் பொறுப்பு என்பதை அது சொல்லவில்லை. தனி அலுவலர் நியமனம் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

நம் பக்கத்திலும் குறை உண்டு. நீண்ட காத்திருப்புக்குப் பின் வந்த 2022 தேர்தலில், சென்னையில் வாக்களித்தோர் பாதிப் பேர்கூட இல்லை. கேட்பாரற்றுப் போன உரிமையைத் தள்ளிப்போடுவது எந்த அரசுக்கும் எளிது.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டுகள் 2027 மார்ச்சில் நிறைவுபெறுகின்றன. மறுவரையறையோ இடஒதுக்கீட்டுச் சுழற்சியோ எதுவாயினும், அதற்கான பணிகள் வழக்குக்கு இடமின்றி முன்கூட்டியே முடிக்கப்பட வேண்டும். ஆளும் கட்சி எதுவானாலும் இந்தக் கடமை மாறாது. அடுத்த மழையில் அந்தப் பெரியவர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயர் இருக்க வேண்டும்.