தமிழுக்கென ஒரு படிநிலை வேண்டும்

குழந்தையின் வாசிப்புத் திறனுக்கேற்ப எளியவை முதலிலும் கடினமானவை பிறகுமாக வரிசைப்படுத்திய கதைப் புத்தகங்களே படிநிலை நூல்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இவை புதியவை அல்ல. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பித்தது. அடுத்து வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் நான்கு படிகளே.

இந்த முயற்சிகள் தொடர வேண்டும். நான்காம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கையில் பாடநூலை மட்டும் திணிப்பது அதை வாசிப்பிலிருந்தே விரட்டுவதாகும். ஆனால், படியை எந்த அளவுகோலால் பிரிக்கிறோம் என்ற கேள்விக்கு இன்னும் போதிய கவனம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஃபவுன்டாஸ், பின்னெல் ஆகிய இரு கல்வியாளர்களின் ‘ஏ’ முதல் ‘இசட்’ வரையிலான வரிசை 1990-களில் பரவியது. அதன் தொடக்க நூல்களில் ஒரே வாக்கியம் பக்கந்தோறும் திரும்ப வரும். மாறும் ஒரு சொல்லைப் படம் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளை படிப்பதுபோலத் தோன்றும், உண்மையில் ஊகிக்கும். இந்தக் குறை அங்கே கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, 2023-ல் நியூயார்க் நகரம் ஒலியையும் எழுத்தையும் முறையாக இணைத்துக் கற்பிக்கும் பாடத்திட்டங்களுக்குப் பள்ளிகளை மாற்றத் தொடங்கியது.

தமிழில் சிக்கல் வேறு. சொற்களை எண்ணிப் படி பிரித்தால் ‘பூனை ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பது இரண்டே சொல். முதல் படியில் சேர்ந்துவிடும். அதன் இரண்டாம் சொல்லிலோ பதினொரு எழுத்துகள். நடுவே வரும் ‘கொ’வின் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். கு, சு, டு, ரு என உகரக் குறி எழுத்துக்கு எழுத்து உருமாறுகிறது. ண, ன, ந மூன்றையும், ல, ள, ழ மூன்றையும் பிரித்தறிய வேண்டும். இவற்றோடு, வீட்டில் ‘ஓடுது’ என்று பேசும் பிள்ளைக்கு எழுத்துவழக்கே பாதி புதுமொழி. ஆங்கிலக் கதையை மொழிபெயர்த்துவிட்டு மூலத்தின் படி எண்ணையே தமிழ்ப் பதிப்புக்கும் ஒட்டுவது அதனால்தான் தவறு.

முதல் படி நூல் கற்றுத்தந்த எழுத்துகளுக்குள் அமைய வேண்டும்: மரம், படம், பழம், பாட்டி போன்ற சொற்கள், துணைக்கால், புள்ளி, இகரக் குறி, இவ்வளவு போதும். கொம்புகளும் உகர, ஊகாரக் குறிகளும் இரண்டாம் படியில் வரலாம். நீண்ட கூட்டுவினைகள் அதற்கும் பிறகு. உரையாடல்களில் பேச்சுத்தமிழுக்குத் தாராளமாக இடம் தரலாம். இலக்கணத் தூய்மை கருதி அதை மறுப்பவர்கள் பிள்ளைக்குத் தெரிந்த தமிழையே அதனிடமிருந்து பறிக்கிறார்கள்.

படி என்பது புத்தகத்துக்கான அடையாளம், பிள்ளைக்கான பட்டம் அல்ல. வகுப்பில் எந்தப் பிள்ளையையும் ‘நீ அரும்பு’ என்று அழைக்கக் கூடாது. மேல்படி நூலை விரும்பி எடுப்பவரைத் தடுக்கவும் கூடாது.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தமிழுக்கான எழுத்து வரிசை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும். ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் அதற்குத் தேவையான எழுத்துகளைப் பதிப்பாளர்கள் அச்சிட வேண்டும். அச்சுக்குப் போகும் முன் அதைப் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்துப் பார்ப்பதும் கட்டாயமாக வேண்டும்.