வானொலிச் செய்தித்தமிழ் கெட்டுவிட்டதா?

ஈப்போ, காம்பார் வட்டாரத் தமிழ் விழா மேடைகளில் பல்லாண்டுகளாக ஒரு கூற்று ஒலித்து வருகிறது. அன்றைய வானொலிச் செய்தி தமிழை வளர்த்தது, இன்றைய செய்தி தமிழைக் கெடுக்கிறது என்பதே அது. சொல்பவர் சான்று காட்டியதில்லை. கைதட்டுபவர் சான்று கேட்டதுமில்லை. அதன் உட்கூறுகளைப் பிரித்து நோக்கினால் ஒன்றும் நிலைபெறாது.

முதலாவது, அன்றைய செய்தித்தமிழ் தூயது என்பர். மலாயா வானொலி தோன்றிய 1946-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்துச் செய்தித்தமிழில், அதாவது செய்தி சொல்வதற்கென்று பயின்ற பொதுநடையில், தேர்தலில் நின்றவர் அபேட்சகர், கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அக்கிராசனர், சங்கத்தின் கடிதங்களில் ஒப்பமிட்டவர் காரியதரிசி. 1916-இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர்த் திராவிட இயக்கத்தின் மேடைகளும் இதழ்களும் விடாமல் வலியுறுத்தியதன் பயனாகவே வேட்பாளர், தலைவர், செயலாளர் என்னும் சொற்கள் செய்திக்குள் நிலைபெற்றன. இன்று தூய தமிழென்று போற்றப்படுபவை மாற்றத்தால் கிடைத்த சொற்களே என்றிருக்க, அவற்றை வைத்துக்கொண்டே மாற்றத்தைப் பழிப்பது எங்ஙனம் பொருந்தும்? செய்திமொழி அன்றிருந்தவாறே உறைந்திருக்குமானால், காம்பாரில் 2007 முதல் இயங்கும் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகத்தைப் பற்றிய செய்தியில் சர்வகலாசாலை என்ற சொல்லே ஒலித்திருக்கும். மந்திரி என்னும் சொல்லின் வரலாறு இன்னும் தெளிவானது. அவ்வடசொல்லை மலாய்மொழி இன்றளவும் வைத்திருக்க, தமிழ்ச் செய்தியோ, திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயராக நிற்கும் அமைச்சு என்னும் சொல்லின்வழி வந்த அமைச்சரைப் பொதுவழக்காக்கிக்கொண்டது. ஆகவேதான் ஒரே செய்தியறிக்கையில் கூட்டரசைச் சார்ந்தவர் அமைச்சராகவும், பேராக் மாநில அரசின் தலைவர், பதவியின் மலாய்ப் பெயராலேயே, மந்திரி பெசாராகவும் அடுத்தடுத்து வருகின்றனர். பழையது கழிந்து பழந்தமிழ் மீண்ட இந்நிகழ்வைக் கேடு என்பவர் தமிழ்ச் சொல் வரலாற்றை அறியாதவரே.

இரண்டாவது, மலாய்ச் சொற்கள் புகுந்துவிட்டன என்பர். நாணயத்துக்கு ரிங்கிட் என்னும் பெயர் 1975-இல் அதிகாரபூர்வமானபின் செய்தி அதனை ஏற்றது. கடைத்தெருவில் வெள்ளி என்னும் சொல் அதனால் அழிந்துவிடவில்லை. மைல் கிலோமீட்டராகியும் தோட்டப்புற மக்கள் தொலைவைக் கட்டைக் கணக்கில் சொல்வதை விடவில்லை. பேச்சுவழக்கின் வேர், செய்தியறிக்கையின் ஒரு சொல்லால் அறுந்துபோகக்கூடியது அன்று.

மூன்றாவது, அன்று மொழியை அறிஞர் காத்தனர் என்பர். 1948-இல் சுங்கை சிப்புட் தோட்டக் கொலைகளை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்து போரிட்டவர்களைக் கொள்ளையர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் முதலில் குறித்த காலனி அரசு, 1952-இல் அதனை விடுத்துக் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள் என்னும் தொடரை விதித்தது. பொற்காலம் எனப்படும் அந்நாளில் செய்திச் சொல்லை வரையறுத்தது ஆட்சி. புலவர் அவை அன்று.

நான்காவது, உச்சரிப்பு கெட்டுவிட்டது என்பர். உச்சரிப்புக் குறை, பயிற்சியின் குறை. மொழிமாற்றத்தின் குறை அன்று.

இறுதியாக, வாக்கியங்கள் குறுகிவிட்டன என்று வருந்துவர். ஏடு படிப்பவர் விளங்காத இடத்தில் திரும்பிப் படிக்கலாம். வானொலி கேட்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவசரகாலத்தில் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் அரசு வழங்கிய பொது வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து கேட்டவர்களுள் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, எடை போட்டுத் திரும்பிய தொழிலாளரும் இருந்தனர். எழுவாய் ஒருபுறமும் பயனிலை நெடுந்தொலைவிலுமாகக் கிடந்த நீண்ட வாக்கியம் அவர்களுக்கு எவ்வகையிலும் உதவியிராது. ஒருமுறை கேட்ட அளவில் அத்தகைய உழைப்பாளிக்கு விளங்குவதே நல்ல செய்தித்தமிழ். வானொலி நெடுங்காலமாக அதை நோக்கியே நடந்து வந்திருக்கிறது.