கைக்கு வாய்த்த பேனை



ஒரு பேனை வாங்க ஒரு மணித்தியாலம் எடுத்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கிளிநொச்சியில் ஒரு புத்தகக் கடையில் நானும் ஓர் அம்மாவும் அப்படித்தான் நின்றோம். கடைக்காரத் தம்பி முதலில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பிறகு பெட்டியை அப்படியே எங்கள் முன்னால் வைத்துவிட்டு மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். ஏன் இவ்வளவு நேரம் என்று விளங்க வேண்டுமானால், அதற்கு முன்னர் நடந்த, எனக்குப் பெருமை தராத ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வலது கையில் ஷெல் துண்டு பட்டதால் நடுவிரலும் மோதிர விரலும் மடங்குவதில்லை. 2009 இல் பிரிந்த மகனைத் தேடுகிறார். தேடுவது என்றால் என்ன என்பது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுதிக்கொண்டே இருப்பதுதான். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013 இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. பிறகு 2016 இன் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். இவை போதாதென்று உதவித் திட்டங்கள், வங்கி, காணி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்திலும் அதே பெயர், அதே திகதி, கடைசியாகக் கண்ட அதே இடம்.

ஒரு நாள் ஓர் அலுவலகத்தில் (எது என்பது இங்கே முக்கியமில்லை) மேசையில் நூலில் கட்டியிருந்த பேனையால் எழுதத் தொடங்கினார். பேனை எழுதவில்லை. அழுத்தினார். இரண்டு எழுத்து விழுந்தது, மூன்றாவதில் கடதாசி கிழிந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “நீங்களே எழுதுங்கோ பிள்ளை” என்று பேனையை என்னிடம் நீட்டினார். என் கைப்பையில் இருந்த பேனையை எடுத்து மளமளவென்று எழுதிக் கொடுத்தேன். அவர் கையொப்பம் இட்டார்.

வீட்டில் பேத்தி பிரதியை வாசித்தபோதுதான் தெரிந்தது. மகனைக் கடைசியாகப் புதுமாத்தளனில், சித்திரை மாதத்தில் கண்டதாக அவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் ‘முள்ளிவாய்க்கால்’ என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தின் பெயரை எத்தனையோ பேருக்காக எழுதி எழுதி, என் கை தானாகவே எழுதிவிட்டது. முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் ஓரிடம், இதில் வேறோரிடம். திருத்துவதற்கு ஒரு கடிதம், ஒரு நாள் கூலி, போகவர பஸ் காசு. அவர் என்னைக் கோபிக்கவில்லை. “இனி நான்தான் எழுதுவன். எனக்கு எழுதக்கூடிய பேனை ஒண்டு பார்த்துத் தாங்கோ” என்று மட்டும் கேட்டார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் கள ஆய்வுக் குறிப்பு எடுப்பது பற்றி ஒரு பாடமே இருந்தது. யாருடைய வார்த்தையை யார் எழுதுகிறார் என்று பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதினேன். அந்த அம்மா ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்.

இனிப் பேனைக்கு வருவோம். நாம் சாதாரணமாகப் பாவிக்கும் குமிழ்முனைப் பேனையின் நுனியில் ஒரு சின்னஞ்சிறு உருண்டை இருக்கிறது. கடதாசியில் இழுக்கும்போது அது சுழன்று, உள்ளே இருக்கும் பசை போன்ற மையை எடுத்து வெளியே பூசுகிறது. எழுதவைப்பது உருண்டையின் சுழற்சியே தவிர நமது அழுத்தம் அல்ல. நல்ல பேனை தன் பாரத்தோடு நமது விரலின் சிறு பாரத்தையும் சேர்த்தாலே ஓட வேண்டும். அழுத்தினால்தான் எழுதும் என்றால் பேனையில் குறை இருக்கிறது, அல்லது கடதாசியில் குறை இருக்கிறது. உங்கள் கையில் இல்லை.

இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரிப் பத்திரிகையாளர். பேனை மை எழுத்தில் தொட்டால் ஊருகிறதே, பத்திரிகை அச்சு மை மட்டும் உடனே காய்கிறதே என்று யோசித்தவர். அந்த மை தடிப்பானது, சாதாரணக் கூரில் இறங்காது. அதனால் இரசாயனம் தெரிந்த சகோதரருடன் சேர்ந்து உருண்டை முனையைச் செய்தார். 1938 இல் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வரவே நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் ஆர்ஜென்ரீனாவில் குடியேறினார். 1943 இல் அங்கே புதிதாகக் காப்புரிமை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். இடம்பெயர்ந்த ஒருவரின் கைவேலை என்று அறிந்த பிறகு இந்தச் சின்னப் பொருளில் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடிவிட்டது.

கடைக்குப் போனால் பெயரையும் நிறத்தையும் பார்க்க முன்னர், பேனையின் உடலிலோ பெட்டியிலோ ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 0.5, 0.7, 1.0 என்று இருக்கும். அது உருண்டையின் அளவு, மில்லிமீற்றரில். கோடு அதைவிடச் சற்று மெல்லியதாக விழும். 1.0 கூடுதலாக மை விடும், வழுக்கிக்கொண்டு போகும். கை நோகிறவர்களுக்கு அதுதான் சுகம். 0.5 நுணுக்கமாக எழுதும், ஆனால் மட்டமான கடதாசியில் கீறிக்கொண்டு போகும். அடையாள அட்டை இலக்கத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் நிரப்ப வேண்டிய படிவங்களுக்கு 0.7 போதும். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் 0.7 ஐத்தான் எடுப்பேன். அந்த அம்மா 1.0 ஐ எடுத்தார். அவருடைய கைக்கு அவர் சொன்னதுதான் சரி.

கடையில் பேனையைச் சோதிக்கும்போது நாம் எல்லோரும் சும்மா வட்டம் வட்டமாகக் கிறுக்குவோம். அது போதாது. உங்கள் பெயரை முழுமையாக எழுதுங்கள். பிறகு கையொப்பம் இடுங்கள். ‘ஞ’, ‘ழ’, ‘றூ’ போன்ற சுழியுள்ள எழுத்துகளை எழுதிப் பாருங்கள். திரும்பும் இடத்தில் கோடு அறுகிறதா, மை கட்டியாக விழுகிறதா என்று தெரியும். பிடியை மிகவும் தளர்த்தி ஒரு வரி எழுதுங்கள். அதுவும் தெளிவாக விழுந்தால் எடுக்கலாம். ஒரு கடதாசியை வெறும் கண்ணாடிக்கு மேல் வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். கீழே நாலைந்து ஒற்றைகளையோ ஒரு கொப்பியையோ வைத்தால் எந்தப் பேனையும் மெதுவாக ஓடும். அலுவலகத்துக்குப் போகும்போதும் பழைய கொப்பி ஒன்றைக் கோவையோடு கொண்டு போங்கள். கார்பன் வைத்த சிட்டைகளுக்கு மட்டும் கீழே கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிரதியில் எழுத்து விழாது.

சுவரில் கடதாசியை வைத்து எழுதுகிறோமே, அப்போது பேனை நின்றுவிடும். முனை மேலே பார்த்தால் மை உருண்டையை விட்டுப் பின்வாங்கும். எண்ணெய்க் கை, வியர்வைக் கை பட்ட இடத்திலும் உருண்டை சுழலாமல் வழுக்கும். எழுதும் கைக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி வைத்தால் இது வராது. நின்ற பேனையை நெருப்பில் காட்டுகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம். பேனைக் குழாயை அம்மா விளக்கில் காட்டி, ஊதி, தலைமயிரில் தேய்த்து எழுத வைப்பார். பாதி நாள் குழாய் உருகிவிடும். உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்டிச் சூடாக்கி, பழைய கடதாசியில் கிறுக்கினாலே பெரும்பாலும் சரிவரும்.

ஜெல் பேனைகள் இன்னும் வழவழப்பாக ஓடும். பிள்ளைகளுக்கு அதில்தான் ஆசை. அந்த மை தண்ணீரில் கரைத்துச் செய்வது. அதனால் காயச் சற்று நேரம் எடுக்கும், கை பட்டால் இழுபடும். இடது கையால் எழுதுகிறவர்களுக்குப் பெரும் கரைச்சல். பல ஜெல் மைகள் மழைத்தண்ணீர் பட்டால் ஊறிப் பரவும். நமது பத்திரங்கள் எங்கெங்கே நனைந்து, எத்தனை சொப்பிங் பைகளுக்குள் சுற்றி வந்தவை! பத்திரத்துக்குச் சாதாரணக் குமிழ்முனையே நல்லது.

அதைவிட ஆபத்தானது, பின்பக்கத்து றப்பரால் தேய்த்தால் அழிகிற மைப் பேனை. தேய்க்கும் சூட்டினால்தான் அந்த எழுத்து மறைகிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடு பட்டாலும் மறைந்துவிடும். அதனால் எழுதிய கடதாசியை லமினேற் செய்யக் கொடுத்தால் வெறுந்தாள்தான் திரும்பி வரும். யாராவது உங்களுக்கு அப்படியான பேனையைத் தந்து எதிலாவது கையொப்பம் இடச் சொன்னால், உங்கள் பேனையை எடுத்துக் கையொப்பம் இடுங்கள். கடன் கொடுக்க வீட்டுக்கு வருகிறவர்கள், “இதிலையும் ஒருக்காப் போடுங்கோ அக்கா” என்று வெற்றுப் படிவத்தை நீட்டியதையும் நான் கண்டிருக்கிறேன். எழுதாத இடம் இருந்தால் முதலில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கையில் சொந்தப் பேனை இருந்தால் அந்தக் கோட்டை இழுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நிறம்? நீலமும் கறுப்பும் போதும். போட்டோக் கொப்பியில் கறுப்பு தெளிவாக விழும். நீலத்தில் இட்ட கையொப்பமோ, மூலப் பத்திரம் எது கறுப்பு வெள்ளைப் பிரதி எது என்று காட்டிக்கொடுக்கும். படிவத்தில் நிறம் குறிப்பிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

இனிப் பிடி. மெல்லிய பேனையை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், தடித்ததைத் தளர்வாகப் பிடிக்கலாம். விரல் காயப்பட்டவர்களுக்கும் மூட்டு நோவு உள்ளவர்களுக்கும் இது பெரிய வித்தியாசம். தடித்த பேனை கிடைக்காவிட்டால், பிடிக்கும் இடத்தில் துணிப்பட்டியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள். சைக்கிள் ரியூப் துண்டும் சரி, ஆனால் கறுப்புப் பிடிக்கும், கழுவிவிட்டுப் பாவியுங்கள். பிடிக்கும் முறையையும் மாற்றலாம். அந்த அம்மாவுக்குப் பேனையைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிப் பெருவிரலால் தாங்கிப் பார்க்கச் சொன்னேன். நடுவிரல் மடங்கத் தேவையில்லாத பிடி அது. முதல் வரி கோழி கிளறியது போல இருந்தது. நாலாவது வரியில் அவருடைய பெயரை எங்கள் இருவராலும் வாசிக்க முடிந்தது. கடைக்காரத் தம்பியும் எட்டிப் பார்த்து, “இப்ப வடிவாய் இருக்கு அம்மா” என்றார்.

அமத்துகிற பேனையை எடுங்கோ, ஒரு கையால் திறக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, மூடி உள்ளதுதான் வேண்டும் என்று நின்றார். அதில் இரண்டு வாங்கினோம். மூடியின் நுனியில் துளை இருக்கிறதா என்று மட்டும் நான் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் மூடியைத் தவறுதலாக விழுங்கித் தொண்டையில் சிக்கினால் கொஞ்சமாவது காற்றுப் போகட்டும் என்பதற்காக விடுகிற துளை அது. பேரப்பிள்ளைகள் உள்ள வீடு அல்லவா?

திருத்தக் கடிதத்தை வீட்டில் இருந்து அவரே எழுதினார். இரண்டு மணித்தியாலம் ஆனது, இடையில் ஒருதரம் தேத்தண்ணீர். நான் கடதாசி அசையாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். ‘புதுமாத்தளன்’ என்ற சொல்லுக்கு வந்தபோது நிறுத்தினார். பிறகு எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதினார்.

அடுத்த நாள் அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாங்கில் இருந்தோம். அந்த நூல்கட்டிய பேனை அன்றும் எழுதவில்லை. ஓர் இளம் பெண் குழந்தையை இடுப்பில் வைத்தபடி எங்களிடம் வந்து, “அம்மா, ஒருக்காப் பேனை தருவீங்களோ?” என்று கேட்டாள். அம்மா பேனையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “இதுக்குத்தான் பிள்ளை மூடி வேணுமெண்டனான். மூடி எங்களிட்ட இருந்தால் பேனை தானாத் திரும்பி வரும்” என்றார்.