கண்காட்சியில் ஒரு மேசை

இம்முறை ஒரு கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம். பெக்கோக் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் செம்பனையில் குலை வெட்டுகிறார். இவர் வீட்டில் முறுக்கும் கறிமசாலைத் தூளும் செய்து, லயத்திலும் கோயில் திருவிழாவிலும் விற்று வருகிறார். மாவட்டத்தில் நடக்கவிருக்கும் வணிகக் கண்காட்சியில் சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு ஒரு மேசை தருகிறார்களாம். வாடகை 150 வெள்ளி. "போடலாமா ஐயா? போட்டால் போட்ட காசு திரும்புமா?" என்று கேட்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விதான். 150 வெள்ளி நம் குடும்பங்களில் சின்னத் தொகையன்று. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மை. அதை 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம் வரும். மேசைக்கு மட்டும் இரண்டு நாள் கூலிக்கு மேல் போய்விடுகிறது. மாவு, எண்ணெய், வண்டிச் செலவு எல்லாம் தனி.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு பாக்கெட் முறுக்கை 6 வெள்ளிக்கு விற்று, சாமான் செலவு போக 2 வெள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசை வாடகை 150, வண்டிக்கு 50, ஆக 200 வெள்ளி. 100 பாக்கெட் விற்றால்தான் கையைக் கடிக்காது. 101-ஆவது பாக்கெட்டில்தான் உங்கள் உழைப்புக்குக் கூலி தொடங்குகிறது. பக்கத்திலேயே இன்னும் நான்கு பேர் முறுக்கு வைத்திருந்தால் அந்த 100 பாக்கெட்டே மலைபோல் தெரியும். அந்த இரண்டு நாள் விற்பனையை மட்டும் நம்பிப் போவதென்றால், வேண்டாம் என்றே சொல்வேன்.

பின் எதற்காகப் போவது? லயத்தில் உங்களிடம் வாங்குபவர் எல்லாரும் உங்களைத் தெரிந்தவர்கள். கண்காட்சியில் வருபவர்களோ தெரியாதவர்கள். சிகாமட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர் வரலாம். மகளுக்குத் திருமணம் நிச்சயித்தவர் வரலாம். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் வரலாம். அன்றைக்கு அவர் ஒரு பாக்கெட்தான் வாங்குவார். தீபாவளிக்கு 60 பாக்கெட் கேட்கப் போகிறவரும் அவரே. அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களிடம் இல்லையென்றால் கட்டிய வாடகையில் பாதிக்கு மேல் காற்றோடு போயிற்று.

கண்காட்சியில் காசை இறைத்துக் கெட்டவர் கதை ஒன்று உண்டு. நம் பால்மரத்தோடு சேர்ந்த கதையாதலால் சொல்கிறேன். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் பிசுபிசுக்காமலும் குளிரில் வெடிக்காமலும் நிற்கும் ரப்பரைக் கண்டவர். அவர் அதைக் காணாதிருந்தால் நம் தாத்தா பாட்டிமார் வெட்டுவதற்கு இத்தனை ரப்பர்த் தோட்டங்கள் வந்திருக்குமா என்பதே ஐயம். அவர் 1851-இல் லண்டன் கண்ணாடி மாளிகையில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஒரு கூடமே எடுத்தார். நாற்காலி, மேசை, சுவர் எல்லாம் ரப்பர். செலவு ஏறக்குறைய 30,000 டாலர். 1855-இல் பாரீஸ் கண்காட்சியில் 50,000 டாலர் அளவுக்குச் செலவிட்டார். கூட்டம் வாய் பிளந்து பார்த்தது. ஆனால் பிரான்சில் அவருடைய காப்புரிமை செல்லாது என்றாகி, வரவேண்டிய உரிமைத் தொகை நின்றது. அந்த டிசம்பரில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். பிரெஞ்சுப் பேரரசர் வழங்கிய கௌரவப் பதக்கம் அவர் கைக்குச் சிறையில்தான் வந்து சேர்ந்தது! 1860-இல் அவர் இறந்தபோது கடன் ஏறக்குறைய 2 லட்சம் டாலர். டயரில் நாம் பார்க்கும் குட்இயர் என்ற பெயர், 1898-இல் வேறு யாரோ தொடங்கிய கம்பெனி அவர் நினைவாக வைத்துக்கொண்டது. அவர் குடும்பத்துக்கு அதில் பங்கில்லை.

பதக்கம் வேறு, வரவு வேறு. ஆதலால் சகோதரி, பெரிய பதாகை அடிக்கவும் மேசையைச் சோடிக்கவும் சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். வீட்டிலிருக்கும் ஒரே நிறத் துணி போதும். தரை வரை தொங்கவிட்டால் மிச்சச் சரக்கை அடியில் மறைத்து வைக்கலாம். பின்வரிசைக்கு இரண்டு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் துணி போட்டுப் பாக்கெட்டுகளை அடுக்குங்கள். நடந்து போகிறவர் கண்ணுக்குப் படவேண்டும். விலையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். விலை காட்டுவது சட்டப்படி கட்டாயம். விலை தெரியாத பொருளைக் கேட்கக் கூச்சப்பட்டே பாதிப்பேர் நகர்ந்துவிடுகிறார்கள். மலாயில் முதலில் எழுதி, தமிழிலும் எழுதுங்கள்.

பத்து வகைப் பலகாரம் வேண்டாம். முறுக்கு, மசாலைத் தூள், அவ்வளவுதான். "மசாலை அக்கா" என்று நினைவில் நிற்க வேண்டுமே தவிர, என்னென்னவோ வைத்திருந்த ஒரு மேசை என்று ஆகிவிடக் கூடாது.

பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரைக் கேட்க வேண்டியவை சில. மேசை எந்த இடத்தில்? வாசலுக்கு அருகிலா, கழிப்பறைப் பக்கத்திலா? மேலே கூரை உண்டா? மழை வந்தால் முறுக்கு நமுத்துப் போகும். வேறு எத்தனை பேர் பலகாரம் வைக்கிறார்கள்? கூச்சம் வேண்டாம். காசு கட்டுகிறவருக்குக் கேட்க உரிமை உண்டு.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியாபாரத்தை எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. உணவைக் கையாள்பவர் அதற்கான ஒருநாள் பயிற்சிக்குச் சென்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதி அப்படிச் சொல்கிறது. பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்த்த சாமான்கள், எடை, செய்தவர் பெயர், முகவரி இருக்கட்டும். ஹலால் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லை ஒட்டவே கூடாது. "செம்பனை எண்ணெயில் பொரித்தது, இறைச்சிக் கலப்பில்லை" என்று உள்ளதை எழுதுங்கள். "பெக்கோக்" என்ற ஊர்ப்பெயரையும் நன்றாகத் தெரியும்படி போடுங்கள். சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சிக்கு வந்து குளித்துவிட்டுப் போன வெளியூர்க்காரர் எத்தனையோ பேர். ஊர்ப்பெயரைப் பார்த்ததும் நின்று ஒரு வார்த்தை பேசுவார்கள்.

ஆட்களை நிறுத்துவதற்கு என் பள்ளிக்கூட அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். பள்ளிச் சிற்றுண்டி நாளன்று தாய்மார்கள் மேசை போடுவார்கள். எந்த மேசையில் கூட்டம் என்று ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அன்று. அச்சில் மாவைப் போட்டுப் பிழிந்து கொண்டிருப்பவரிடம்தான். கை அசைந்தால் கண் நிற்கிறது. கண்காட்சியில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள் என்றாலும், அச்சில் பிழிந்து தட்டில் சுற்றிக் காட்ட யார் தடுக்கப் போகிறார்கள்? மசாலைக்கு மல்லி, சீரகம், மிளகு, பட்டை என்று வறுக்காததும் வறுத்ததுமாகக் கிண்ணங்களில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முறுக்கை உடைத்து, இடுக்கியால் எடுத்துக் கொடுங்கள்.

வந்தவர் என்ன கேட்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்காக ஒருவர் சுடச்சுடத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாராம். கடும் வெயில், யாரும் சீந்தவில்லை. ஐஸ் போட்டுக் கொடுத்ததும் கூட்டம் மொய்த்தது என்பார்கள். ஐஸ் தேநீர் அதற்கு முன்பே இருந்ததுதான், ஆனால் அதைப் பரவலாக்கியதில் அந்தக் கண்காட்சிக்குப் பங்குண்டு. உங்களிடமும் பத்துப் பேர் "காரம் குறைவாக இருக்கிறதா?" என்று கேட்டால் அடுத்த தடவைக்கு அது ஒரு சரக்கு.

இனி நோட்டுப் புத்தகம். முதல் பாக்கெட் விற்குமுன் அதைத் திறந்து வையுங்கள். பெயர், தொலைபேசி எண், என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று நான்கு கோடு போட்டால் போதும். "தீபாவளிக்குச் செய்யும்போது சொல்லட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலோர் எண்ணைத் தந்துவிடுவார்கள். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். கடைக்காரர் என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, மொத்த விலை என்ன சொன்னீர்கள் என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். இரவில் வீட்டுக்கு வந்தால் எந்த முகம் எந்தப் பெயர் என்பதே மறந்துவிடும். மூன்று நாளைக்குள் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். நட்சத்திரம் போட்டவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு வாரம் போனால் அவருக்கு உங்கள் முறுக்கும் நினைவிராது, நீங்களும் நினைவில் இருக்க மாட்டீர்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டிலிருந்து வந்த வியாபாரம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அடுத்த ஆண்டு மேசை போடலாமா என்று அந்தத் தொகையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செர்டாங்கில் நடக்கும் மாஹா விவசாயக் கண்காட்சிக்கும் போகலாமா என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். 1923-இல் தொடங்கிய பெரிய கண்காட்சி அது. அங்கே முதலில் பார்வையாளராக ஒரு நாள் சுற்றிவிட்டு வாருங்கள். சின்ன மேசைக்காரர்கள் எப்படி நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தாலே பயன்தான். மேசை போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.

கடைசியாக, பத்து வயது மகளை உடன் அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தார். 2025 ஜனவரியிலிருந்து ஜோகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் பள்ளி தடைப்படாது. தாராளமாக அழைத்துப் போங்கள். ஒரு நாள் முழுக்க அல்ல, அரை நாள். உங்களைவிட அவளுக்கு மலாய் நன்றாக வரும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோட்டுப் புத்தகத்தை அவளிடமே கொடுங்கள். பேனா மட்டும் இரண்டாக இருக்கட்டும். கூட்டத்தில் ஒன்றை யாராவது இரவல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.